நல்ல சளி

இழவு வீட்டில் யாரும் யாரையும் “நீங்க யாரு?” என்று கேட்பதில்லை. சுகந்தியின் பிழைப்பு அந்த ஒரு வழக்கத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குச் செல்லூரில் ஒரு தறி மெக்கானிக். வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனைச் சுவரொட்டியில் இறந்தவரின் பெயரைப் படித்துக்கொண்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி சுகந்தி நேராக உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றியிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் கைகளை விரித்தார்கள். மருமகள் பக்கத்துச் சொந்தம் என்று மகள் நினைத்திருப்பாள்; மகள் பக்கத்துச் சிநேகிதம் என்று மருமகள் நினைத்திருப்பாள். அந்த நேரத்தில் யார் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள்?

அவர்கள் நடுவே உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுதாள். பச்சைச் சேலை கட்டிய கனத்த அம்மாள் ஒருத்தி தெருவுக்கே கேட்கும் குரலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சுகந்தியை இழுத்து அணைத்து, முதுகில் தட்டினாள்.

“அழு தாயி, நல்லா அழு. உள்ள வச்சுக்காத.”

சுகந்தி அழுதாள். இடையில் இரண்டு தடவை தும்மினாள். தும்மல் நடிப்பில்லை. அழுகையும் பெரும்பாலான நாட்களில் நடிப்பில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வந்தாள். இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. மறுபடி வருகிறேன் என்றால், அங்கே இன்னொரு சாவு விழட்டும் என்று சொன்னதாக ஆகிவிடும். அந்த வழக்கமும் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அவள் அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தது ஒரு சளி.

வறட்டுக் காய்ச்சல் மதுரைக்கு வந்து நாலாவது வருஷம் அது. முதலில் ஒரு ஊசி போட்டார்கள்; கிருமி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றது. இரண்டாவது ஊசி போட்டார்கள், மறுபடியும் மாற்றிக்கொண்டது. மூன்றாவது ஊசிக்குப் பந்தல் போட்டு, நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாற்காலிகளில் நர்சுகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கே சலித்துப்போயிருந்தது. அப்போதுதான் நோய்த்தடுப்பு வாரியம் இந்த நல்ல சளியைக் கொண்டுவந்தது. இதுவும் வைரஸ்தான், ஆனால் பல்லைப் பிடுங்கிய வைரஸ். தொற்றினால் இரண்டு நாள் மூக்கு ஒழுகும். அப்புறம் ஒரு வருஷத்துக்கு வறட்டுக் காய்ச்சல் அந்த உடம்பை எட்டிப் பார்க்காது. ஊசி வேண்டாம், பந்தல் வேண்டாம், ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தானாகவே போய்விடும் என்றார்கள்.

போனால்தானே? மூன்று வருஷத்தில் ஊர் தொடுவதையே மறந்திருந்தது. பஸ்ஸில் சீட்டுக்குச் சீட்டு தடுப்பு வைத்திருந்தார்கள். கல்யாணத்தை வீட்டோடு முடித்துக்கொண்டு மொய்யைப் போனில் வாங்கினார்கள். சித்திரைத் தேரை மொட்டை மாடியில் நின்று கும்பிட்டார்கள். நல்ல சளியைச் சுமந்துகொண்டு கடைவீதியில் நாளெல்லாம் அலைந்த வாரியத்து ஆட்கள் ஒருத்தர் மேலும் படாமல் திரும்பி வந்தார்கள்.

இழவு வீடு ஒன்றில்தான் ஊர் பழைய ஊராக இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. முதல் அலையில் பிணங்களைப் பையில் கட்டி, அழ ஆளில்லாமல் தத்தனேரிச் சுடுகாட்டில் எரித்தார்கள். சுகந்தியின் புருஷன் போனதும் அப்படித்தான். தடுப்புக் கம்புக்கு இந்தப் பக்கம் நின்று வேன் போவதைப் பார்த்தாள். சாய்ந்துகொள்ள ஒரு தோள் கிடைக்கவில்லை. அப்படிப் பட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர். எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், சாவுக்கு அழுவதை மட்டும் விட முடியாது என்று யாரும் யாரிடமும் சொல்லாமலே ஜனங்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அங்கே மட்டும் முகமூடி தானாகக் கழுத்துக்கு இறங்கியது.

ஆகவே வாரியம் அழுவதற்கு ஆள் எடுத்தது.

“உங்க குறி ஆத்தைத் தாண்டிருச்சு சுகந்தி,” என்றார் டாக்டர் பியூலா. களப்பணியாளர்களுக்கு அவர்தான் பொறுப்பு. அறைச் சுவரில் மதுரையின் வரைபடம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பணியாளருக்கும், அவர் உடம்பில் மட்டும் மாதக்கணக்கில் தங்கும்படி கொடுத்த கிருமியில் சின்னதாக ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள்; அதுதான் குறி. சாக்கடைத் தண்ணீரை எடுத்துப் பார்த்தே யாருடைய சளி எந்தத் தெரு வரைக்கும் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வரைபடத்தில் சுகந்திக்கு ஊதா நிறம். அது செல்லூரில் தொடங்கி, வைகையைக் கடந்து, தெற்கே இறங்கியிருந்தது.

“மத்தவங்களோடது நாலஞ்சு தெருவுல நின்னுபோகுது. நீங்க நிஜமா அழறீங்க, அதான் வித்தியாசம்.”

“அழுது அழுது தொண்டை போச்சு டாக்டர். ஆடி முடியட்டும், என்னைய விட்ருங்க. மருந்தைக் குடுத்து இதை என் உடம்புலருந்து எடுத்துவிட்ருங்க. நான் எம் மக கிட்டப் போகணும்.”

மகள் நிவேதிகாவுக்கு வயது பத்தொன்பது. மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறார்கள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்காக, உடம்பின் எதிர்ப்பு சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட உடம்புக்கு நல்ல சளியும் நல்லதில்லை, நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அந்த மாத்திரைகளை வாங்கத்தான் சுகந்தி இந்த வேலைக்கே வந்தாள். வந்த வேலையாலேயே மகளைத் தொட முடியாமல் ஆனாள். சித்திரையிலேயே நிவேதியைத் தங்கை கலைச்செல்வியின் வீட்டில் விட்டிருந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு சுற்று. வில்லாபுரம் பக்கம் ஒண்ணுமே பரவலை.”

“வேற ஆளை அனுப்புங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். அறை மூலையில் சோபாவில் ஒரு தலையணையும் போர்வையும் கிடந்தன. அவரும் வீட்டுக்குப் போய் வெகு நாளாகியிருந்தது.

“எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு டாக்டர். அவ்வளவு பேரு என்னையக் கட்டிப் பிடிச்சு அழுகுறாக. அவுக கிட்ட நாம ஒரு வார்த்தை கேக்கலையே.”

“மூணு தடவை கேட்டோம்மா. பந்தல் போட்டுக் கேட்டோம். மூணாவதுக்கு யாருமே வரலையே? இப்ப பாருங்க, சாவு எவ்வளவு குறைஞ்சிருக்கு. இழவு வீடு கிடைக்காம நீங்களே அலையிறீங்க.”

அது உண்மைதான். முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு சாமியானா இருக்கும். இப்போது ஒரு வீட்டுக்காக மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

“உடம்புக்கு முடியாதவுக?”

“எல்லாருக்கும் செய்தி அனுப்பியாச்சு. கூட்டத்துக்குப் போகாதீங்க, கூட இருக்கிறவங்களும் கூட்டத்தைத் தவிர்க்கணும்னு தெளிவாப் போட்டிருக்கோம்.”

“இழவு வீடுன்னு போட்டீங்களா?”

“அதை எப்படிப் போடுறது? போட்டா நாளைக்கே அங்கயும் யாரும் யாரையும் தொட மாட்டாங்க. அப்புறம் நமக்குன்னு வேற என்ன இருக்கு?”

சுகந்தி எழுந்துகொண்டாள். கூடப் பிறந்தவளிடம்கூட மூச்சு விட மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழங்காநத்தத்துக்குப் போனாள். தங்கை வீடு முதல் மாடியில் இருந்தது. எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் பண்ணுவாள். நிவேதி பால்கனிக்கு வந்து கம்பியில் சாய்ந்துகொண்டு பேசுவாள். சுகந்தி ஏதோ காய்ச்சல் வார்டில் துப்புரவு வேலை பார்ப்பதாகவும், அதனால்தான் கிட்டே வருவதில்லை என்றும் இருவரும் நம்பியிருந்தார்கள்.

“என்னம்மா, தொண்டை இப்படிக் கட்டிக் கெடக்கு? ஆஸ்பத்திரியில கச்சேரி எதுவும் பண்றியா?”

“ஆமாடி, வார்டுல கத்திக் கத்தி இப்படி ஆயிருச்சு.”

“ஆடி முடிஞ்சதும் வந்துருவல்ல?”

“வந்துருவேன். வந்ததும் உன்னைய மடியில போட்டுப் பேன் பாக்கணும்.”

“எனக்குப் பேனெல்லாம் கிடையாது.”

“இல்லாட்டிப் பிடிச்சு விட்டாச்சும் பாப்பேன்.”

மேலே நிவேதி சிரித்தாள். மெலிந்திருந்தாள். அந்தத் தலைமுடியில் கையை விட்டு அளைய வேண்டும் என்று சுகந்திக்கு விரலெல்லாம் துடித்தது. ஊரில் இருக்கிற முன்பின் தெரியாத பெண்களையெல்லாம் கட்டிக்கொள்கிறாள். பெற்ற பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தெரு கிடந்தது.

“சரி, நான் போயிட்டு வர்றேன். போயிட்டு வர்றேன் தாயி. வர்றேன்.”

“ஒரு தடவை சொன்னா பத்தாதா? ஒவ்வொரு வாரமும் மூணு தடவை ஏலம் விடுற.”

நாளெல்லாம் இழவு வீடுகளில் சொல்லாமல் அடக்கி வைத்ததையெல்லாம் இங்கே வந்துதான் சொல்லித் தீர்த்துக்கொள்கிறாள் என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? “போயிட்டு வாம்மா,” என்று அவள் பதில் சொல்லுவதற்குள் கலை வந்து போனை வாங்கினாள்.

“அக்கா, சாப்பிட்டியா? அன்னைக்கு நீ கூப்பிட்டப்ப எடுக்க முடியல. ஆரப்பாளையத்துல எங்க மாமியாரோட சித்தப்பா தவறிட்டாரு. போகாம இருக்க முடியுமா? போயிட்டு வந்தேன்.”

சுகந்தி போனை இறுகப் பிடித்தாள்.

“நிவேதி இருக்காளேன்னு ரொம்ப சூதானமா இருந்தேன்க்கா. கீழயே வாளியில தண்ணி எடுத்து வச்சுத் தலையோட ஊத்திக்கிட்டு, கட்டியிருந்த சேலையை அங்கயே நனைச்சுப் போட்டுட்டு, அப்பறம்தான் வீட்டுக்குள்ள கால வச்சேன். டெட்டால் வேற ஊத்தினேன்.”

“கூட்டத்துக்குப் போகாதன்னு உனக்குச் செய்தி வந்துச்சுல்ல கலை?”

“வந்துச்சு. கூட்டத்துக்கு எங்க போனேன்? கேதத்துக்குத்தானே போனேன்!”

“அங்க யாரையாச்சும் கட்டிப் பிடிச்சு அழுதியா?”

“என்னக்கா கேள்வி இது? கேத வீட்டுல போய் நின்னு வேடிக்கை பாத்துட்டா வருவாக? செல்லூர்லருந்து ஒரு அம்மா வந்திருந்தாக. பச்சைச் சேலை, நல்ல கனத்த உடம்பு. என்னா குரலுங்கிற! சளி பிடிச்ச மூக்கை உறிஞ்சிக்கிட்டே அப்படி ஒரு ஒப்பாரி. என்னைய விடவே இல்ல. எனக்கு நம்ம அத்தான் ஞாபகம் வந்து நானும் தேம்பித் தேம்பி அழுதுட்டேன்.”

இஸ்திரி வண்டிக்காரர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாவுத் தீட்டு தலையில் ஊற்றும் தண்ணீரோடு போய்விடும் என்று கலைக்கு அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள்; சுகந்திக்கும் அதே அம்மாதான். மூச்சுக்குள் போய் உட்கார்ந்தது எந்த வாளித் தண்ணீருக்கும் போகாது என்று கலைக்குத் தெரிய நியாயமில்லை. அது தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்றிருக்கிறாள்.

“கலை, அவ பக்கத்துல நிக்காத. கீழ இறங்கி வா. இப்பவே வா!”

கலை புரியாமல் கீழே எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நிவேதி தும்மினாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

“நூறாயுசு,” என்றாள் கலை, பழக்கத்தில்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சளி நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. உடம்பில் சளியைச் சுமந்துகொண்டிருந்த சுகந்தியை வாசலுக்கு உள்ளே விடவில்லை; வளாகத்து வேப்ப மரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கலை ஒரு நடை உள்ளே போவதும், ஒரு நடை வெளியே வந்து அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுப்பதுமாக இருந்தாள். குடிக்காத டீ கோப்பைகள் பெஞ்சுக்கடியில் சேர்ந்தன.

மத்தியானம் டாக்டர் பியூலாவே வந்தார். வெள்ளைக் கோட்டு கசங்கியிருந்தது.

“குறி பாத்தீங்களா?” என்று கேட்டாள் சுகந்தி.

“பாத்தோம்.”

“என்ன கலரு?”

“அது எதுக்குங்க இப்ப? சிகிச்சைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.”

“என்ன கலரு டாக்டர்?”

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவர் இல்லை. ஊருக்கே ஒன்றைச் சொல்லாமல் மறைத்தவர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கும் முடியவில்லை போலிருக்கிறது.

“ஊதா,” என்றார்.

“என்னக்கா கலரு? எதுக்குக் கேக்குற?” என்றாள் கலை.

சுகந்தி சொன்னாள். டாக்டரை வைத்துக்கொண்டே, சத்தியத்தை மரத்தடியில் போட்டு உடைத்துவிட்டு, நல்ல சளியிலிருந்து பச்சைச் சேலை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கலை கேட்கக் கேட்க மெதுவாகப் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, பிறகு எழுந்தே நின்றுவிட்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாசல்லயே நின்னு மாலையைக் குடுத்துட்டு வந்திருப்பேன்லக்கா,” என்றாள். “இவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்தேனே. பாத்திரத்தைக்கூடத் தனியா வச்சேனே.”

அவள் கத்தித் திட்டியிருந்தால் சுகந்திக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மருந்து ஆரம்பிச்சிருக்கோம்,” என்றார் டாக்டர். “சளியை அது வெளியேத்திடும். ஆனா மருந்தை அந்தக் கிட்னி தாங்கணும். நாலு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

சுகந்தி மடியிலிருந்து வாரியத்துப் போனை எடுத்தாள். அதில் வில்லாபுரத்து விலாசம் ஒன்று வந்து காத்திருந்தது. அதை டாக்டர் கையில் வைத்தாள்.

“அந்தச் செய்தியில இழவு வீடுன்னு சேத்துப் போடுங்க டாக்டர். வாசல்ல நின்னுட்டுப் போறவுக நின்னுட்டுப் போகட்டும்.”

“போட்டா மொத்தமா நின்னுபோகும் சுகந்தி. மழைக்காலத்துல வறட்டுக் காய்ச்சல் திரும்பவும் வரும்.”

“வரும். போடுங்க.”

டாக்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போடுகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. வேப்பம்பழம் ஒன்று பெஞ்சில் விழுந்து உருண்டது. கடைசியில் வேறு எதையோ சொல்வதுபோல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க உள்ள போகலாம்.”

“நானா?”

“தனி ரூம்தான். அங்க இருக்கிற நர்சுங்களுக்கெல்லாம் இது வந்து போயாச்சு. அவ உடம்புல இருக்கிறது உங்களோடதுதான். இனிமே உங்களால அவளுக்குப் புதுசா ஒண்ணும் வந்துடாது.”

சித்திரையிலிருந்து சுகந்தி காத்துக்கிடந்த வார்த்தை அது. இப்படியும் ஒரு நாள் அது வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. எழுந்தபோது கால் மரத்திருந்தது. கலைதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

நிவேதி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். கண்ணைத் திறந்தவள் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தாள்.

“என்னம்மா... முகமூடி இல்லாம வந்திருக்க?”

“இனிமே வேண்டாமாம்.”

“ஆடி முடிஞ்சிருச்சா?”

“எனக்கு முடிஞ்சிருச்சு.”

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையை நீட்டினாள். சுகந்தி கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தலை கொதித்தது. முடிக்குள் விரலை விட்டு மெதுவாக வகிர்ந்தாள்.

“பேன் இருக்கா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“சொன்னேன்ல.”

குனிந்து அவள் கன்னத்தோடு கன்னத்தை வைத்தாள். அழுகை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் வாரி இறைத்த அழுகை. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே விழுங்கினாள். ஒரு சொட்டு விடவில்லை. அழுவதற்கென்று இருக்கிற வீடு வேறு, இது இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நர்ஸ் உள்ளே வந்து, நேரமாகிவிட்டது, மருந்து ஏற்ற வேண்டும், சாயங்காலம் வரலாம் என்றாள். அதற்குள் நிவேதி கண்ணை மூடியிருந்தாள். மூச்சு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. சுகந்தி தலையணையைச் சரிசெய்து அவளைக் கிடத்திவிட்டுக் கதவு வரைக்கும் நடந்தாள். சத்தமில்லாமல் வெளியே போவது அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. அப்படிப் போகக் கூடாது என்று திரும்பினாள்.

“நிவேதி, போயிட்டு வர்றேன்.”

மருந்துப் புட்டியை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“போயிட்டு வர்றேன் தாயி,” என்றாள் சுகந்தி, கட்டிப்போன தொண்டையில் இருந்த சத்தமெல்லாம் சேர்த்து. “வர்றேன்.”

கண்ணைத் திறக்காமலே நிவேதி உதட்டை அசைத்தாள்.

“ஒரு தடவை சொன்னா பத்தாதா?” என்று முனகினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, “போயிட்டு வா,” என்றாள்.